கையைத் துடைக்காத ஐந்து நாள்

கதவு மூன்று முறை தட்டப்பட்டபோது மணி பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தேன். நேசம் குசினியில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

திறந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. கையில் மண்ணிறப் பை. அவருக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம், வெயிலில் தார் இளகி மினுங்கியது. புதிதாக ஒரு காரும் வந்து நிற்கவில்லை. டாலஸை ஒட்டிய இர்விங்கில் யாரும் நடந்து வருவதில்லை. ஞாயிறுகளில் பஸ் கிடையாது. அவருடைய சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"நேசமலர் பிள்ளையின்ர வீடு இதுதானே?"

"ஓம் ஐயா. வாங்கோ, உள்ள வாங்கோ. வெயிலுக்கை நிக்காதேங்கோ."

விசாரணை அவ்வளவுதான்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பதினொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். அதன் பிறகு டெக்சாஸில் ஒரு கவுண்டி நீதிமன்றத்தின் பதிவறையில், ஓய்வு பெறும்வரை. இரண்டு அடையாளச் சான்றுகளைப் பார்க்காமல் ஒருவருக்கு அவருடைய சொந்தக் கல்யாணச் சான்றிதழின் பிரதியைக்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் என் வீட்டுக் கதவில் அந்த மனிதரிடம் பெயரைக் கூடக் கேட்கவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் டாலஸிலிருந்து வந்த ஒரு வாசகியின் கடிதம். "உங்கள் தொடரில் விருந்தோம்பலைப் பற்றி வாய் கிழிய எழுதுகிறீர்கள். போன வருடம் கல்யாண அழைப்போடு வந்த என்னை உங்கள் மனைவி வாசலிலேயே நிறுத்தி, வந்த விஷயத்தைச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்" என்று எழுதியிருந்தார். உண்மை. வட டெக்சாஸில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கெட்ட பெயர் உண்டு. அதற்கான பதில்தான் இந்த வாரம்.

கூடார வாசல்

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாலைந்து தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூடி வேதம் படிப்போம். போதகர் கிடையாது. மிஷன் கல்லூரியில் படித்தவன், கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவன் என்ற தகுதியில் பாடம் நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த மாதத்துப் பாடம், எபிரேயக் குடும்பங்களின் உறவும் விருந்தும். எனக்கு மிகப் பிடித்த தலைப்பு. வேதத்தை நான் ஒரு பழைய கோப்பைப் போலத்தான் படிப்பேன். யார் வந்தார், எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து.

ஆபிரகாமைப் பாருங்கள். வெயில் ஏறிய வேளையில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் நிற்கிறார்கள். ஓடிப் போய் விழுந்து கும்பிட்டு, கால் கழுவத் தண்ணீர், கன்றுக்குட்டி, வெண்ணெய், பால் எல்லாம். பெயர் கேட்கவில்லை. லாபானும் ஓடித்தான் போகிறான். சகோதரியின் மகனைக் கட்டிப்பிடித்து, நீ என் எலும்பு, என் சதை என்கிற மாதிரிச் சொல்கிறான். பிறகு பதினாலு வருடம் ஆடு மேய்க்க விடுகிறான். சில அணைப்புகளுக்குள் விண்ணப்பப் படிவம் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஆபிரகாமின் வேலைக்காரன் ஒருவன் மட்டும் வித்தியாசம். சாப்பாட்டை முன்னால் வைத்தபோது, வந்த காரியத்தைச் சொல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று நின்றுவிட்டான். என் குறிப்பேட்டின் ஓரத்தில் அவனைப் பற்றி ஒரே சொல் எழுதியிருந்தேன்: "அவசரக்காரன்."

நீல நூல்

வந்தவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கை கழுவினார். பையைத் திறந்து ஒரு சிறு பொதியை எடுத்து மேசையில் வைத்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்தது. ஓரம் முழுவதும் நீல நூல் தையல், மூலையில் குறுக்குத் தையலில் ஒரு பூ.

நேசம் சோற்றுக் கோப்பையோடு வந்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். கோப்பை கையிலிருந்து விழவில்லை. அப்படி விழுவதெல்லாம் சினிமாவில்தான். அவள் அதை மெதுவாக, சத்தமே வராமல் மேசையில் வைத்தாள்.

நேசத்துக்கு ஒரே தம்பி, ஜெபரட்ணம். ரட்ணம் என்போம். கொழும்பில் வேலை கிடைத்துப் போனபோது அக்கா ஆறு கைக்குட்டை தைத்துக் கொடுத்தாள், நீல நூலில். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நான் எழுதாத காரியாலயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. பதில்கள் மரியாதையாகவே வந்தன. ஒன்றிலும் ரட்ணம் இல்லை.

அந்த வருடங்களில் எங்களுக்குத் தெரிந்த நாலு வீடுகளுக்கு இப்படித்தான் யாரோ ஒருவர் வந்திருக்கிறார். கைக்குட்டையில் சுற்றி ஒரு மணிக்கூடு, அல்லது ஒரு மோதிரம். பொருள் வந்த வீட்டுக்கு ஆள் வந்ததில்லை.

"பிள்ளை, இதை உங்கட கையில..."

"சாப்பிட்டிட்டுக் கதைப்பம் ஐயா."

நேசத்திடம் அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது போல இருந்தது. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், இரவுப் புட்டுக்கென்று வைத்திருந்த மாவுக்குள் இரண்டு கைகளையும் அமுக்கினாள். மணி பன்னிரண்டரை. புட்டு ஏழு மணிக்குத்தான்.

இந்த ஜன்னல் இல்லை

அடுத்த நாட்களில் நேசத்தின் கை காய்ந்து நான் பார்க்கவில்லை. மா, இல்லாவிட்டால் தண்ணீர், இல்லாவிட்டால் இரண்டு கையிலும் தட்டு.

பெரியவர் ஒவ்வொரு வேளையும் பொதியை எடுப்பார். "கையில குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை, அதாலதான்."

"கை ஈரம் ஐயா. சொதி ஆறுது, ஊத்தட்டோ?"

மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று அவளும் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போகவும் அவர் தயாராக இல்லை. ஆற அமரப் பேசுகிற மனிதர். ஒரு வசனம் தொடங்கினால் அது முற்றத்தைச் சுற்றி வந்துதான் படியேறும். அது படியேறுவதற்குள் நேசம் அடுத்த கறியை வைத்துவிடுவாள்.

சின்ன அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். மடக்குக் கட்டில், மேசை, கதிரை, விளக்கு. வேதத்தில் சூனேமியாள் என்ற பெண் தீர்க்கதரிசிக்குக் கட்டிக்கொடுத்த அறையிலும் சரியாக இந்த நாலும்தான். அந்த அம்மாளின் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு பிள்ளை நடுப்பகலில் செத்தது என்பது நினைவுக்கு வந்தது. அந்தத் தீர்க்கதரிசி திரும்பி வந்து பிள்ளையை எழுப்பினான் என்பதும் வந்தது. இரண்டையும் நான் நேசத்திடம் சொல்லவில்லை.

அறைக்குள் அவர் நடப்பது கேட்கும். ஆறு அடி. நிற்பார். பிறகு குறுக்கே நாலு அடி. நிற்பார். மறுபடி ஆறு.

செவ்வாய் பின்னேரம் துணி துவைக்கும் இடத்தில் பத்மாவைக் கண்டேன். கீழ் வீட்டுக்காரி. சென்னை. கணவர் லாஸ் கோலினாஸில் எஞ்சினியர். கூடை நிறையத் துணியோடு வழிமறித்தாள்.

"அங்கிள், உங்க வீட்டு கெஸ்ட் யாரு? ஆன்ட்டி சைடா, உங்க சைடா?"

"நேசத்தின்ர பக்கம்."

"ஆன்ட்டிகிட்ட கேட்டேன், உங்க பக்கம்னாங்க! நல்ல ஆளுங்க நீங்க ரெண்டு பேரும். ஒரு ஃபார்ம்ல எங்க வீட்டுக்காரர் ஜிப் கோடைத் தப்பாப் போட்டதுக்கு அரை மணி நேரம் லெக்சர் குடுத்தீங்க. யாருன்னே தெரியாத ஆளுக்கு ரூம் குடுத்து வெச்சிருக்கீங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இல்ல அங்கிள், சீரியஸாத்தான் சொல்றேன். காலைல ஸ்டெப்ஸ்ல நின்னுட்டு இருந்தார். ஹலோ சொன்னேன். 'இந்த வீட்டில இன்னும் ஒராள் படுக்க இடம் இருக்குமோ?'ன்னு கேட்டார். யாருக்குன்னு கேட்டேன். மேல உங்க ஜன்னலையே பார்த்துட்டு இருந்தார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் மேலே போய் நேசத்திடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்," என்றாள். பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "செத்ததுகள் வந்தா எங்கயாவது படுக்கத்தானே வேணும்."

"நேசம், விசர்க்கதை கதையாத. வாங்கிப் பாப்பம்."

"நான் வாங்கும்வரைக்கும் அவன் சாகேல்லை. விளங்குதோ உங்களுக்கு?"

விளங்கியது. அதுதான் என் குற்றம். அவள் செய்வது என்னவென்று முதல் நாளே எனக்குத் தெரியும். நானும் அதே நம்பிக்கையில்தான் இருந்தேன்.

அன்று பின்னேரம் பால்கனியில் பெரியவர் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்களாவது கொஞ்சம்..."

"ஐயா, களைச்சிருப்பியள். நாளைக்கு ஆறுதலாக் கதைப்பம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வேலைத்தலத்தில், வரிசையில் ஒரு மணி நேரம் நின்று வந்தவரிடம் "இந்த ஜன்னல் இல்லை" என்று சொல்லும்போது வருகிற பார்வை. தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு பொதியை அவர் வெளியே எடுக்கவேயில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மாமனார் வீடு

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன், மறுநாள் பாடத்தைத் தயாரிக்க. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் பெரியவர் பையோடு கதவருகே நிற்கிறார்.

"நான் வெளிக்கிடுறன் பிள்ளை."

"வெறும் வயித்தோட போறதோ? சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சாப்பிட்டார். எழுந்தார். "தேத்தண்ணி வைச்சிட்டன் ஐயா." உட்கார்ந்தார். நான் வரவேற்பறையில் வேதத்தையும் குறிப்பேட்டையும் விரித்தேன். பாடத்தில் கடைசிக் கதை அது. பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் கதை.

ஒரு லேவியன் பெண்சாதியை அழைத்துப்போக மாமனார் வீட்டுக்கு வருகிறான். மாமனார் மூன்று நாள் வைத்து உபசரிக்கிறார். நாலாம் நாள் எழுந்தால், கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார். ஐந்தாம் நாளும் அதே. பொழுது சாய்கிறதே, இன்றும் தங்கிவிடு என்கிறார். கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. மகளை விட மனமில்லை, அவ்வளவுதான். அவன் கடைசியில் பிந்திப் புறப்படுகிறான். பிந்தியதால் போகக்கூடாத ஊரில் பொழுது பட்டுவிடுகிறது. அந்தப் பெண் அடுத்த நாள் வெளிச்சத்தில் வாசற்படியில் கை வைத்தபடி பிணமாகக் கிடக்கிறாள்.

குசினியிலிருந்து நேசத்தின் குரல் வந்தது. "இனி எங்க ஐயா போறது, பொழுதும் சாயப் போகுது. இண்டைக்கும் நிண்டிட்டு நாளைக்குப் போங்கோவன்."

ஏசி சத்தம் நின்றது. தானாகத்தான் நிற்கும், பிறகு ஓடும். ஆனால் அந்த அமைதியில் நான் விரலை விட்டு எண்ணினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

எழுந்து குசினிக்குப் போனேன். "நேசம், கையைத் துடை."

"என்னண்டு..."

"கையைத் துடை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு துவாயை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஐந்து நாள் ஈரத்தில் விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தது. கையை நீட்டினாள். பெரியவர் பொதியை எடுத்து, இரண்டு கையாலும் அந்தக் கையில் வைத்தார்.

உள்ளே மணிக்கூடு இல்லை. மோதிரம் இல்லை. நாலாக மடித்த ஒரு கடதாசி. நேசம் அதைப் பிரித்து, முதல் வரியைக் கண்டு, என்னிடம் நீட்டினாள். "நீங்கள் வாசியுங்கோ."

ரட்ணத்தின் கையெழுத்து. தேதி பத்து நாளுக்கு முந்தியது.

அவன் உயிரோடு இருந்தான். எங்கெங்கோ சுற்றி மெக்சிகோ வழியாக எல்லை தாண்டிப் பிடிபட்டு, இதே டெக்சாஸில், எங்களிடமிருந்து ஒரு நாள் கார்ப் பயணத்தில், ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். எங்கள் முகவரி மட்டும்தான் அவனிடம் இருந்தது. உறவினர் ஒருவர் நேரில் வந்து, வீட்டில் இடம் தருவதாகக் கையெழுத்திட்டால் வெளியே விடுவார்களாம். விசாரணை அடுத்த வாரம் வியாழக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு என்று எழுதியிருந்தான். அந்த வியாழன் இன்றுதான்.

சுவரில் மணி மூன்றேகால்.

"ஐயா," என்றேன். "ஏன் சொல்லேல்லை?"

அவர் திகைத்துப் போனார். "என்ன எழுதினவன் எண்டு எனக்குத் தெரியாது தம்பி. உங்களோட வந்து இருக்கப் போறன் எண்டு மட்டும் சொன்னவன். நான் குடுக்க வெளிக்கிடேக்கெல்லாம் பிள்ளை சாப்பாட்டை வைக்குது. எங்கட ஆக்கள் மாட்டன் எண்டதை வாயால சொல்லமாட்டினம், சாப்பாட்டாலதானே சொல்லுவினம். உங்களுக்கு அவனை ஏற்க விருப்பமில்லையாக்கும் எண்டு விளங்கிக்கொண்டன். இன்னொரு கட்டில் போட அறையில இடம் காணும், அளந்து பாத்தனான். ஆனா வாய்விட்டுக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதெண்டு விட்டிட்டன்."

ஆறு அடி. குறுக்கே நாலு அடி.

மூன்று முறை

தொலைபேசியை எடுத்தேன். யாரை அழைக்க வேண்டும், என்ன சொன்னால் அடுத்த மேசைக்கு மாற்றுவார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். நாலாவது மேசையில் ஒரு பெண் கோப்பைப் பார்த்து வாசித்தாள். "ஹி வாஸ் கால்ட் த்ரீ டைம்ஸ், சார். நோ ஃபேமிலி ஆன்ஸர்ட்." மூன்று முறை கூப்பிட்டும் உறவினர் வராதவர்களை மத்தியானம் பஸ்ஸில் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்பதைத் தொலைபேசியில் சொல்ல விதி இடம் தராது. அந்த விதியும் எனக்குத் தெரியும்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். நேசம் கைக்குட்டையோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியவரைக் காணவில்லை. மேசையில் தேநீர், மேலே ஆடை படிந்து, வாய் வைக்கப்படாமல்.

கீழே ஓடினேன். பத்மா படியின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் ஒரு மணியிலேருந்து இங்கதான் இருக்கேன். யாரும் இறங்கி வரல. ஏன் அங்கிள், உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?"

எங்கள் வீட்டுக்கு வேறு படி இல்லை. சின்ன அறையில் கட்டில் விரிப்பு நேசம் ஞாயிறன்று விரித்தபடியே இருந்தது, மடிப்புக் கலையாமல். குளியலறையில் அவருக்கென்று வைத்த சவர்க்காரம் காய்ந்திருந்தது, எழுத்துக்கூட அழியவில்லை. இரண்டு பக்கத்து உறவினருக்கும் எழுதி விசாரித்தேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியாது. முகாமிலும் அந்த வயதில் தமிழர் எவரும் இருந்ததாகப் பதிவில்லை. இவற்றைக் குறித்துவைக்கிறேன். முடிவு எழுதுவது என் வேலையல்ல.

வெள்ளி விடியுமுன் புறப்பட்டு முகாமுக்குப் போனோம். வேறு இரண்டு இடங்களுக்கும் போனோம். மனுக்கள் போட்டேன். ஒன்றிலும் பிழை கிடையாது. எல்லாம் சரியான முத்திரையோடு திரும்பி வந்தன. திங்கட்கிழமை இடம் தெரிந்தபோது அவனை விமானத்தில் ஏற்றியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு மச்சான் விசாரித்து எழுதினார். விமான நிலையத்தில் ரட்ணத்தை அழைத்துப்போக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். "நாங்கள் இவருடைய சொந்தக்காரர்" என்று சொல்லி, உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்த மச்சானைத் தவிர எங்களுக்கு அங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. நான் போட்டிருக்க வேண்டிய கையெழுத்தை யாரோ போட்டார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

அவசரக்காரன்

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் அந்த வழக்கம். யார் வந்தாலும் நேசம் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்ன விஷயம், முதல் அதைச் சொல்லுங்கோ," என்பாள். சொன்ன பிறகுதான் தண்ணீர். கல்யாண அழைப்பென்றாலும் சரி. டாலஸ் வாசகி மன்னிக்க வேண்டும். ஆபிரகாமின் அந்த வேலைக்காரனைப் பற்றிக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய சொல்லை நான் அடித்துவிட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மனுக்களோடு எதைச் சேர்த்தாலும் பிரதியைத்தான் சேர்க்க வேண்டும், மூலத்தைக் கைவிடக் கூடாது. வேலைக்கு வந்த ஒவ்வொரு புதியவருக்கும் நான் சொன்ன முதல் பாடம் இது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை அதை மீறினேன். ரட்ணத்தின் கடிதத்தை மூலத்தோடு கோப்பில் கொடுத்தேன், பிரதி எடுக்காமல். அது திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்தேன்.

அன்று அதை நான் நேசத்துக்கு வாசித்தபோது கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டேன். ஐந்து நாள் அவள் வைத்த ஒவ்வொரு தட்டையும் பற்றி அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி எனக்குத் தெரியும். அந்த வரிகள் அவளைக் காப்பாற்றுமா, கொன்றுவிடுமா என்பது அன்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. எனக்கு எண்பது ஆகப் போகிறது. நான் போய்விட்டால் அதை அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த இதழ் வரும்போது தபாற்பெட்டியிலிருந்து எடுத்து முதலில் படிப்பவள் நேசம். கையைத் துடைத்துக்கொண்டுதான் பிரிப்பாள். நேசம், உன் தம்பி எழுதிய கடைசி வரிகள் இவை:

"இதைக் கொண்டுவாற பெரியவர் நல்லாக் களைச்சுப்போய் வருவார். முதல் அவருக்கு வயிறாரச் சாப்பாடு குடுத்திட்டு, பிறகு ஆறுதலா இதை வாசி அக்கா."